கிராஞ்சியில் போனது எது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடல் மூடப்பட்டதற்கு வருந்தி நீங்கள் எழுதியதைப் படித்தேன். உண்மையைச் சொன்னால் எரிச்சலாக இருந்தது. என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சனி, ஞாயிறு வந்தால் அப்போது பந்தயத் திடல் இருந்த புக்கிட் தீமாவுக்குக் கிளம்பிவிடுவார். திரும்பும்போது பையில் பஸ் காசு மட்டும் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது, நடந்தே வருவார். அம்மாவின் தாலிக்கொடி இரண்டு முறை அடகுக்கடைக்குப் போனது அந்தக் குதிரைகளால்தான்.

இப்போது என் மகள் கல்யாணத்துக்கு முன், அரசு கட்டி விற்கும் பிடிஓ வீட்டுக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். 120 ஹெக்டருக்கு மேல் நிலத்தை வளைத்துப் போட்டுக்கொண்டு வாரம் ஓரிரு நாள் குதிரை ஓட்டுவது இந்தத் தீவுக்குக் கட்டுப்படியாகுமா? ஒரு சூதாட்டக் களம் ஒழிந்தது, அங்கே குடும்பங்கள் குடிவரப் போகின்றன. இதற்கு ஒப்பாரி எதற்கு?

இன்னொன்று. பிறந்ததிலிருந்து ரேஸ்கோர்ஸ் சாலையில் நடக்கிறேன். அங்கே ரேஸ்கோர்ஸ் எங்கே இருந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

க. மு., செங்காங்

அன்புள்ள க. மு.,

தாலிக்கொடி அடகுக்குப் போன வீட்டிலிருந்து வந்த கடிதத்தோடு நான் வாதாடப் போவதில்லை. குதிரையால் கெட்ட குடும்பங்கள் எங்கள் உறவிலும் உண்டு. கல்யாண வீட்டில் அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

நிலக்கணக்கிலும் நீங்கள் சொல்வதே சரி. 2023 ஜூனில் மூடும் முடிவை அறிவித்தபோது அரசு சொன்னதும் அதுதான்: வீடு கட்ட இடம் வேண்டும். பந்தயம் பார்க்க ஆளும் வரவில்லை. 2010இல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரியாக 11,000 பேர் வந்த இடம் அது. பெருந்தொற்றுக்குப் பிறகு 2,600 பேர் அளவில் வந்து நின்றது. முப்பதாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் 2,600 பேர் என்றால் காலைக் காட்சி ஓடும் தியேட்டர் மாதிரிதான், ஆளுக்கொரு மூலை. வராதவர்களில் நானும் ஒருவன். கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் நான் கிராஞ்சிப் பக்கம் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. மூடிய பிறகு கட்டுரை எழுதுவது சுலபம் என்று நீங்கள் நினைத்திருந்தால் அதுவும் சரிதான்.

ஆனால் ‘சூதாட்டக் களம் ஒழிந்தது’ என்ற வரியை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. பந்தயம் கட்டுவது அன்றோடு நின்றதா? ஹாங்காங்கிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓடும் குதிரைகள்மேல் அரசுச் சார்பு பந்தய நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸ் வழியாக இன்றைக்கும் கட்டலாம். டோட்டோ, நாலு நம்பர் என்று லாட்டரிகளும் இருக்கின்றன. 2010இல் இரண்டு சூதாட்டக்கூடங்களும் வந்தாயிற்று. உங்கள் அப்பாவாவது பஸ் ஏறிப் போனார், வெயிலில் நின்றார், தோற்ற குதிரையைக் கண்ணால் பார்த்தார். இப்போது ஒருவர் சோபாவில் சாய்ந்தபடி, பார்த்தே இராத குதிரைமேல் பணத்தை விடலாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் மழையா வெயிலா என்று அவருக்கே தெரியாது. கிராஞ்சியிலிருந்து போனது சுமார் 700 குதிரைகளும் அவற்றைத் தொட்டுப் பிழைத்தவர்களும். நான் எழுதியது அவர்களுக்காக.

என் தாய்மாமா புக்கிட் தீமாவில் சைஸாக இருந்தார். குதிரைக்காரன் என்று தமிழில் சொன்னால் முகம் சுருங்கும், சைஸ் என்றுதான் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் லாயத்தில் நம்மவர்களும் மலாய்க்காரர்களும் நிறைய இருந்தார்கள். விடிகாலை நான்கு மணிக்கு வேலை தொடங்கிவிடும். குதிரையை வெளியே எடுக்குமுன் மாமா அதன் பக்கத்தில் குந்துவார். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, பின்புறமாக, புறங்கையை வைப்பார். உள்ளங்கையை வைக்கக் கூடாதாம், காய்த்துப்போன தோலுக்குச் சூடு தெரியாதாம். முதலில் இடது கால், பிறகு வலது கால், மறுபடி இடது. இரண்டுக்கும் துளி வித்தியாசம் இருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் கிடையாது என்று பயிற்சியாளரிடம் போய்ச் சொல்வார். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முந்தின நாளே அந்தச் சூடு கைக்குத் தெரிந்துவிடும் என்பார். எனக்குப் பத்து வயதில் என் கையைப் பிடித்து அந்தக் காலில் வைத்துக் காட்டினார். எனக்கு இரண்டு காலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ‘சரி, நீ பள்ளிக்கூடத்துக்கே போ’ என்று சொல்லிவிட்டார்.

மாமாவும் பந்தயம் கட்டுகிறவர்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் தான் பார்த்துக்கொள்ளும் குதிரைமேல் மட்டும் கட்டமாட்டார். ‘இதோட காலைத் தினமும் தொட்டுப் பாக்கறவனுக்கு எப்படிடா நம்பிக்கை வரும்?’ என்பார். தொடாத குதிரைகள்மேல் கட்டி ஒழுங்காகத் தோற்றார். அத்தை இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

1999இல் புக்கிட் தீமா லாயங்கள் கிராஞ்சிக்கு மாறின. மாமா கொஞ்ச காலம் அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். ‘ஊர் துரத்திக்கிட்டே வருது. கிராஞ்சியைத் தாண்டினா ஜொகூர்தான்’ என்றார். இங்கே பந்தயத் திடலின் கதையே அவ்வளவுதான். 1842இல் பந்தயச் சங்கம் தொடங்கி, அடுத்த ஆண்டு ஃபேரர் பார்க்கில் முதல் பந்தயம். சுற்றிலும் ஊர் நெருங்கியதும் 1933இல் புக்கிட் தீமா ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கேயும் ஊர் வந்தது, கிராஞ்சிக்குப் போனார்கள். புக்கிட் தீமாவின் அந்தப் பழைய நிலத்தில் இனி 15,000 முதல் 20,000 வீடுகள் வரப்போகின்றன. மாமா சொன்னதும் பலித்தது. கிராஞ்சிக் குதிரைகளில் ஒரு பகுதி பாலம் தாண்டி மலேசிய லாயங்களுக்குத்தான் போயிற்று.

இந்த ஊர் பந்தயத்தை வெறுக்கிறது என்று சொல்லமாட்டேன். மடக்கி வைக்கக்கூடிய பந்தயம் என்றால் ஊருக்கு இஷ்டம்தான். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையிலேயே கார்ப் பந்தயம் நடந்தது. பந்தயம் முடிந்தால் அது மறுபடி சாலை, இப்போதும் அங்கே பஸ் ஓடுகிறது. 2008 முதல் மரினா பேயில் நடக்கும் ஃபார்முலா 1 பந்தயமும் அப்படித்தான். விளக்கைக் கட்டுகிறார்கள், வேலி போடுகிறார்கள், எல்லாம் முடிந்ததும் கழற்றி அடுக்கி வைக்கிறார்கள். குதிரைக்கு அது நடக்காது. பந்தயம் இல்லாத நாளிலும் அது தின்னும், நடக்கும், சாணி போடும். புல்தரையை வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதே பேச்சுதான் ஓடுகிறது, ஆனால் முடிவு வேறு. கிண்டி ரேஸ்கோர்ஸின் குத்தகையை ரத்து செய்து, வாடகை பாக்கிக்காக 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது. அதே ஆண்டு ஊட்டியிலும் நிலத்தை எடுத்துக்கொண்டது. கிண்டியில் மழைநீர் தேங்கக் குளம் வெட்டினார்கள், திடலை நடத்திய ரேஸ் கிளப் நீதிமன்றம் போனது. சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்கள் குளம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அங்கே தண்ணீருக்கு இடம், இங்கே ஆளுக்கு இடம்.

கிராஞ்சியில் வீடு கட்டட்டும். அந்தப் பேட்டையில் ஒரு லாயத்தையாவது இடிக்காமல் விட்டு, பிள்ளைகள் குதிரையைத் தொட்டுப் பார்க்க வழி செய்தால் நன்றாக இருக்கும். தெருவுக்கு ‘டர்ஃப்’ என்றோ ‘ஸ்டேபிள்’ என்றோ பெயர் வைப்பதோடு முடித்துக்கொள்வார்களோ என்றுதான் பயம். பெயர் வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். அதற்குச் சாட்சி நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியே.

தேக்காவிலிருந்து ரேஸ்கோர்ஸ் சாலையில் மீன் தலைக் கறிக் கடைகளைத் தாண்டி ஃபேரர் பார்க் எம்ஆர்டி பக்கம் நடங்கள். இடது கைப் பக்கம், டோர்செட் சாலையை ஒட்டி நாம் பந்து விளையாடிய திடல் இருந்ததே, அந்த வெளிதான் பழைய ரேஸ்கோர்ஸ். 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த விமானி ராஸ் ஸ்மித்தின் விமானம் இறங்கியது அந்தப் பந்தயத் திடலில்தான். சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் நிறுத்தி ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் ஃபேரர் பார்க்கில்தான். என் தாத்தா வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். சத்தமே இல்லை, அத்தனை பேர் நின்றும் இருமல் சத்தம் மட்டும்தான் கேட்டது என்று அவர் சொன்னதாக அம்மா சொல்வாள்.

அங்கேயும் இப்போது அரசின் வீவக வீடுகள்தான் வருகின்றன. உங்கள் மகள் விண்ணப்பித்த மூன்றில் அதுவும் ஒன்றா?