சிரித்தவனுக்குத்தான் தூக்கம் வரவில்லை

கேள்வி: செப்டம்பர் பள்ளி விடுமுறையில், அண்மையில் வெளியான ஒரு தமிழ்ப் பேய்ப்படத்தின் இரவுக் காட்சிக்கு நான், என் கணவர், மாமியார், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகன், அவனுடைய வகுப்பு நண்பர்கள் இருவர் என ஆறு பேர் போயிருந்தோம். அரங்கு நிறைந்திருந்தது. பேய் தலைகாட்டும்போதெல்லாம் பாதிப் பேர் அலறினார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள், பின்வரிசையில் ஓர் அம்மா “முருகா, முருகா” என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கத்திவிட்டேன், முக்கியமான காட்சிகளில் கண்களை மூடிக்கொண்டேன். மகன் மட்டும், இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு, நண்பர்களோடு சேர்ந்து கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தான். கணவர் பாதிப் படம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும்வரை “பேயைவிட அம்மாதான் பயங்கரம்” என்று என்னைக் கேலி செய்த அதே பையன், இப்போது ஐந்து இரவுகளாக விளக்கை அணைக்க விடுவதில்லை. நள்ளிரவில் தலையணையோடு எங்கள் அறைக்கு வந்துவிடுகிறான். தனியாக மின்தூக்கியில் ஏறுவதில்லை. கேட்டால் “பயமெல்லாம் இல்லை, தூக்கம் வரவில்லை” என்கிறான். ஆவிகள் உலவும் காலமாகச் சீனர்கள் கருதும் ஏழாம் மாதத்தில் இரவில் வெளியே போனதாலும், அடுக்குமாடி புளோக்கின் கீழே காகிதம் எரித்த சாம்பலை மிதித்ததாலும் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்ட வேண்டும் என்கிறார் மாமியார். “ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன பயம்” என்கிறார் கணவர். கத்திய நான் நன்றாகத் தூங்குகிறேன். சிரித்தவனுக்கு ஏன் இப்படி? நான் என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, படத்தின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு உங்கள் கடிதத்தை ஏறக்குறைய முழுமையாகவே வெளியிட்டிருக்கிறேன். காரணம், நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அதற்குள்ளேயே, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப்போன ஒரு வரியில் இருக்கிறது. உங்கள் மகன் இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். வாய் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும், இருக்கைக்கு அடியிலிருந்து ஏதாவது கணுக்காலைப் பிடித்துவிடுமோ என்று கால்கள் தரையைத் தொட மறுத்திருக்கின்றன. அந்த அரங்கில் மிகவும் பயந்துபோனவர் யார் என்று என்னைக் கேட்டால், “முருகா” சொன்ன அம்மாவையோ உங்களையோ நான் சொல்ல மாட்டேன்.

பேய்ப்படம் பார்ப்பவர்கள் அரங்கில் நடந்துகொள்ளும் விதங்களை வைத்து, இவர் தைரியசாலி, இவர் கோழை என்று நாம் முத்திரை குத்திவிடுகிறோம். உண்மையில் எல்லோருக்கும் உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான். இயக்குநர் நம்மைச் சிறிது நேரம் அமைதியில் உட்கார வைக்கிறார். கதவு மெல்லத் திறக்கிறது, பின்னணி இசைகூட நின்றுவிடுகிறது. நம் காது கூர்மையாகி இருக்கும் அந்த நேரத்தில் ஒலிபெருக்கிகள் அனைத்திலும் ஒரே அடியாகச் சத்தம் வெடிக்கிறது. வினாடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குள் இமைகள் மூடி, தோள்கள் மேலே ஏறி, கழுத்து உள்ளே சுருங்கிவிடும். இது பேய் உண்டா இல்லையா என்று மூளை யோசிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிற காரியம். படித்தவர், படிக்காதவர், பக்தர், நாத்திகர் என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது. அதன்பின் அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமாக அடித்து, உள்ளங்கை வியர்க்கிறது. ஏறிவிட்ட இந்தப் பதற்றத்தை எந்த வழியாக வெளியேற்றுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறோம். ஒருவர் அலறுகிறார், ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து நசுக்குகிறார், ஒருவர் கடவுளைக் கூப்பிடுகிறார், பதினான்கு வயதுப் பையன் இரண்டு நண்பர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் சிரிக்கிறான். அவனுக்கு வேறு வழி இல்லை, சகோதரி. அவன் அலறியிருந்தால் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாளே வகுப்பு முழுவதற்கும் அது தெரிந்திருக்கும்.

(உங்கள் கணவரும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியவர்தான். பேய் வரும் நேரம் பார்த்துக் கைப்பேசியைத் திறப்பது பேய்ப்பட அரங்குகளில் நான் பலமுறை கண்டிருக்கும் ஒரு வகைக் கண்மூடல். பின்வரிசைக்காரர்களின் முகத்தில் அந்த வெளிச்சம் அடிப்பதுதான் அதிலுள்ள தொல்லை.)

சிரிப்பும் அச்சமும் இவ்வளவு நெருங்கிய உறவுக்காரர்களா என்று நீங்கள் வியக்கலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையில், அதாவது சிரிப்பில்தான் தொடங்குகிறது. அந்த எட்டில் அச்சமும் ஒன்று. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. அச்சத்தின் வரிசையில், மனிதரை வருத்தும் தெய்வம், பேய் போன்றவற்றைக் குறிக்கும் அணங்குக்கு முதலிடம் கொடுத்திருப்பதையும், நகையின் வரிசையில் எள்ளலும் இளமையும் அடுத்தடுத்து நிற்பதையும் பார்த்தால், உங்கள் மகன் உட்கார்ந்திருந்த வரிசையே எனக்கு நினைவுக்கு வருகிறது. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் போர்க்களத்துப் பேய்களைக் கூழ் சமைக்க வைத்து, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பந்தி பரிமாறச் செய்தார். பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்து வைப்பது நம்மவர்களுக்குப் பழைய பழக்கம். ஆகவே அரங்கில் சிரித்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் கத்திய உங்களுக்கு ஏன் தூக்கம் வருகிறது? நீங்கள் கத்தினீர்கள், அப்போதே பாரம் பாதி இறங்கியது. கண்களை மூடிக்கொண்டீர்கள், ஆகவே மிகக் கோரமான காட்சிகள் உங்களுக்குள் போகவே இல்லை. கேலி செய்தாலும் செய்யட்டும் என்று “எனக்குப் பயமாக இருந்தது” என்பதை வீடு திரும்பும்வரை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டிருந்தீர்கள். அவனோ கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தான். பார்த்ததன்மேல் சிரிப்பை ஒரு மூடிபோலப் போட்டு மூடினான். பிறகு, “ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன பயம்” என்று கேட்கிற அப்பா இருக்கும் வீட்டுக்குத் திரும்பினான். இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்ததும் மூடி திறந்துகொள்கிறது. சிறு வயதில் பார்த்த ஒரே ஒரு பேய்ப்படத்தால், வளர்ந்த பிறகும் குளியலறைத் திரையை விலக்கிப் பார்க்காமல் குளிக்க முடியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு நேர்ந்திருப்பது அரிதும் அல்ல, நோயும் அல்ல.

இனி செய்ய வேண்டியவை. முதலில், அவன் உங்களைக் கேலி செய்ததற்கு இப்போது பழி தீர்த்துக்கொள்ள வேண்டாம்; “அன்றைக்கு அவ்வளவு சிரித்தாயே” என்ற ஒரு வாக்கியம் போதும், அவன் உங்கள் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டு, விடியும்வரை தனியாக விழித்துக் கிடப்பான். விளக்கு எரியட்டும். பெரிய விளக்குக்குப் பதிலாகச் சிறிய படுக்கை விளக்கை வையுங்கள், சில நாள் கழித்து அதை அறைக்கு வெளியே நடைவழிக்கு மாற்றுங்கள். படுக்கைக்குக் கைப்பேசி போக வேண்டாம், ஏனென்றால் அந்தப் படத்தின் துண்டுக் காட்சிகளை நண்பர்கள் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், அவனும் பயந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பான்.

மின்தூக்கியை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. கதவிலுள்ள நீளக் கண்ணாடி வழியே ஒவ்வொரு மாடியின் நடைவழியும் ஒரு கணம் தெரிந்து மறைவதைக் கவனித்திருப்பீர்கள். ஏழாவது மாடியில் யாரோ நிற்பதுபோலத் தோன்றினால் அடுத்த மாடி வருவதற்குள் அது யார் என்று பார்க்க முடியாது. பேய்ப்பட இயக்குநர் பணம் செலவழித்து உருவாக்கும் காட்சியை நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் நாள்தோறும் இலவசமாகவே காட்டுகின்றன. இரண்டு மூன்று நாள் அவனோடு சேர்ந்து ஏறுங்கள். பிறகு அவன் மேலே ஏற, நீங்கள் கீழே நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருங்கள். அதற்குப் பிறகு, குப்பை கொட்டவோ ரொட்டி வாங்கவோ பகலில் தனியாக அனுப்புங்கள். இரவு தானாக வரும்.

உங்கள் மாமியாரின் கவலையை நான் மதிக்கிறேன். பேரன் தூங்கவில்லை என்பதை அந்த வீட்டில் உரக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். அவர் இரவில் நெற்றியில் திருநீறு பூசிவிடட்டும், பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கட்டும். பதினான்கு வயதிலும் அது வேலை செய்யும். ஆனால் “ஏதோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது” என்பதை மட்டும் அவன் காதுபடச் சொல்ல வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். திரையில் வந்தது ஒப்பனை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும் பையனுக்கு, மந்திரித்த கயிறு “இல்லை, உண்மையாகவே வந்திருக்கிறது” என்று சான்றிதழ் கொடுப்பதுபோல ஆகிவிடும். கோயிலுக்குப் போவதானால் வழக்கமாகக் குடும்பத்தோடு போகும் நாளில், வழக்கம்போலவே போய் வாருங்கள்.

ஏழாம் மாதத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். புளோக்கின் கீழே உலோகத் தொட்டியில் காகிதம் எரிப்பவர் தம் தாய்தந்தையரை நினைத்து எரிக்கிறார். புரட்டாசியில் மகாளய அமாவாசைக்கு உங்கள் மாமியார் முன்னோருக்குப் படைப்பதன் இன்னொரு வடிவம்தான் அது. ஏழாம் மாதத்துப் பாட்டு நிகழ்ச்சிகளான கெத்தாய் மேடைகளின் முன்வரிசை நாற்காலிகளை வரவிருக்கும் ஆவிகளுக்கென்று காலியாக விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் மனிதர்கள் உட்கார்ந்து பாட்டும் சிரிப்புமாக நிகழ்ச்சி பார்ப்பதை உங்கள் மகன் பார்த்திருக்கிறானா? பேயை முன்வரிசையில் உட்கார வைத்துப் பாட்டுப் பாடிக் காட்டும் ஊரில் வளர்கிற பையன் அவன். மிதித்தது சாம்பல், அண்டை வீட்டாரின் மரியாதை அதில் இருக்கிறது, ஆகவே அடுத்த முறை சுற்றிப் போ என்று சொன்னால் போதும்.

மாமியாரிடம் நீங்கள் கேட்கக்கூடிய உதவி இன்னொன்றும் உண்டு. கம்பத்தில் (கிராமத்தில்) வளர்ந்தவராக இருந்தால், இரவில் வெளியே இருக்கும் கழிப்பறைக்கு விளக்கோடு போன கதையும், வாழைமரத்தடியில் பொந்தியானாக் என்ற பெண்பேய் நிற்பாள், அவள் வந்தால் கெம்போஜாப்பூ (பிராங்கிபானி) வாசம் வரும் என்று மலாய்க்காரத் தோழிகள் சொன்ன கதையும் அவரிடம் இருக்கும். 1957ல் கேத்தே-கிரிஸ் நிறுவனம் மரியா மெனாடோவை வைத்து எடுத்த ‘பொந்தியானாக்’ இந்த ஊர் மக்களைக் கூட்டம் கூட்டமாகத் திரையரங்குக்கு இழுத்தது. அதை இயக்கிய பி. என். ராவ், அதற்கு முன் தமிழ்நாட்டில் ‘சாலிவாகனன்’ போன்ற தமிழ்ப் படங்களை இயக்கியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பாட்டி பயந்த கதையைப் பாட்டியே சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டால், பயம் என்பது வீட்டில் சொல்லக்கூடிய ஒரு செய்தி என்று அவனுக்குத் தெரியவரும். உங்கள் கணவரும் தம் பங்குக்கு ஒன்று சொன்னால் மிகவும் நல்லது. தேசிய சேவையில் இரவுக் காவல் நின்ற ஆண்களிடம் பேய்க்கதை இல்லாமல் இருக்காது, கிண்டிப் பாருங்கள்.

இரண்டு மூன்று வாரம் கடந்தும் தூக்கம் திரும்பாமல், பகலிலும் அச்சம் தொடர்ந்து, படிப்பும் சாப்பாடும் கெடுமானால் பள்ளி ஆலோசகரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பேசுங்கள். அடுத்த படத்துக்கு முன், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் அதற்குக் கொடுத்திருக்கும் வகைப்பாட்டையும் அதனுடன் வரும் குறிப்பையும் படித்துவிடுங்கள். என்சி16 என்றால் பதினாறு வயது நிறையாதவரை உள்ளே விடமாட்டார்கள். பிஜி13 என்பது பெற்றோருக்குச் சொல்லும் ஆலோசனை மட்டுமே, ஆகவே முடிவு உங்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று. முக்கியமான காட்சிகளில் கண்ணை மூடிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கதை முழுவதும் உங்களுக்குத் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும். சாப்பிட்ட தட்டுகளை நீங்கள் கழுவ, அவன் துடைத்து வைக்கும் நேரத்தில், முகம் பார்க்காமல் கேளுங்கள்: “நான்தான் பார்க்கவே இல்லையே, அந்தக் கதவைத் திறந்ததும் உள்ளே என்னடா இருந்தது?” அவன் சொல்லத் தொடங்கியதும் குறுக்கே எதுவும் பேசாதீர்கள், பயமாக இருந்தால் கத்திவிடுங்கள்.