நூல் பிடித்தாற்போல் பறக்க முடியாது

கேள்வி: என் மகள் ஹெல்சின்கியில் படிக்கிறாள். அடுத்த மாதம் டோக்கியோவுக்கு நேரடி விமானத்தில் போகிறாள். இணையத்தில் தேடினால் தூரம் 7,800 கி.மீ., பயண நேரம் ஒன்பதரை மணி என்று வருகிறது. டிக்கெட்டிலோ 13 மணி நேரம்! விமானத்தைச் சுற்றவிட்டுக் காசு பிடுங்குகிறார்களா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சுற்றித்தான் போகிறார்கள். ஆனால் காசுக்காக இல்லை. நேர் வழி அடைபட்டுக் கிடக்கிறது.

நீங்கள் பார்த்த 7,800 தப்பில்லை. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால், ஒரு தையல் நூலை ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் நடுவே விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். சுவர் வரைபடத்தில் கஜகஸ்தான், மங்கோலியா வழியாகப் போவதுபோல் தெரிகிற கோடு, உருண்டையில் ஆர்க்டிக் வட்டம் வரை ஏறி, சைபீரியாவைக் குறுக்கே வெட்டி இறங்கும். அதுதான் மிகக் குறைந்த தூரம். நூலுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் ரஷ்ய மண்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. ரஷ்யா பதிலுக்கு 36 நாடுகளின் விமானங்களுக்குக் கதவைச் சாத்தியது. அதில் ஹெல்சின்கி இருக்கிற பின்லாந்தும் ஒன்று. ஆசியாவுக்கு எங்கள் ஊர்தான் குறுக்கு வழி என்று சொல்லியே தொழிலை வளர்த்த பின்லாந்து விமான நிறுவனம் ஃபின்ஏருக்கு அது பெரிய அடி. மார்ச்சில் டோக்கியோ சேவையை மறுபடி தொடங்கியபோது பயணம் 13 மணி நேரமாகிவிட்டது. ஒரு வழி தெற்கே துருக்கி, மத்திய ஆசியா, சீனா, கொரியா என்று போகிறது. மற்றொன்று நார்வே தாண்டி வடதுருவத்தின் மேலேறி, அலாஸ்கா பக்கம் இறங்குகிறது. எதில் போனாலும் நேர் வழியைவிடப் பல ஆயிரம் கிலோமீட்டர் அதிகம். இதே ஃபின்ஏர் 1983-இல், சோவியத் வானம் மூடிக் கிடந்த காலத்தில், இதே துருவ வழியில்தான் டோக்கியோவுக்குப் பறக்கத் தொடங்கியது. நாற்பது வருடம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பியிருப்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

எந்த வழி என்பதை அன்றன்று காற்று முடிவு செய்யும். ஜப்பானுக்கு மேலே, விமானம் பறக்கிற உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு அதைக் கண்டறிந்தவர் வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானியர். போகும்போது அந்தக் காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் மோதும். அதனால்தான் திரும்பி வரும் விமானங்கள் பெரும்பாலும் அதைத் தவிர்த்து வடக்கே ஏறுகின்றன.

தூரத்தை ஒரு வேகத்தால் வகுத்துவிட்டு, அதையே பயண நேரம் என்று போடுகிற இணையதளங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. போரும் தெரியாது, காற்றும் தெரியாது. அதை நம்பி அடுத்த ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டுத் தவிப்பவர்கள்தான் பாவம். டிக்கெட்டில் இருப்பதை நம்புங்கள்.

அப்புறம், டோக்கியோ கடிகாரம் குளிர்காலத்தில் ஹெல்சின்கியைவிட 7 மணி நேரம் முன்னே ஓடும். மாலை 5.30-க்கு விமானம் ஏறினால், மறுநாள் பிற்பகல் 1.30-க்கு இறங்குவாள். டோக்கியோவுக்கு வெளியே இருக்கிற நரிட்டா விமான நிலையத்தில் இறங்கினால் ஊருக்குள் போக ரயிலில் இன்னும் ஒரு மணி நேரம். அன்று மாலை வரை வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.