அடிஸ் அபாபாவில் இரண்டு மூன்று நாள் தங்கினால் பார்க்க என்ன இருக்கிறது? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ஆப்பிரிக்காவில் வேறு ஊருக்குப் போகும் வழியில் அடிஸ் அபாபாவில் விமானம் மாறுகிறீர்கள், அங்கேயே சில நாள் இறங்கித் தங்கலாமா, நீங்கள் சைவம், ஊர் பாதுகாப்பானதா, இவைதான் உங்கள் கேள்விகள்.

தாராளமாகத் தங்குங்கள். இந்த வழியாகப் போகும் நம் ஆட்கள் பலர் போலே விமான நிலையத்துக்குள்ளேயே காபி குடித்துவிட்டு அடுத்த விமானம் ஏறிவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நான் அங்கே முதலில் போனது வேலை விஷயமாக. ஊர் பிடித்துப்போய், அப்புறம் விடுப்பு போட்டுப் பார்க்கவென்றே போனேன்.

முதலில் சாப்பாடு, ஏனென்றால் சைவம் என்பதற்காகவே இந்த ஊரைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள், நிலைமை நேர்மாறானது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம் இருப்பார்கள். இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எதுவுமே கிடையாது. ஈஸ்டருக்கு முன்னால் தொடர்ந்து 55 நாள் இதே விரதம், இன்னும் சில விரத காலங்களும் உண்டு, எல்லாம் சேர்த்தால் பக்தியுள்ள ஒருவருக்கு வருஷத்தில் பாதி நாள் விரதம்தான். அதனால் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து பெரிய ஓட்டல் வரை எல்லாரும் விரதச் சாப்பாடு சமைக்கத் தெரிந்தவர்கள். உள்ளே போய் 'யெத்சோம் பெயாய்நெத்து' என்று கேளுங்கள். பெரிய தட்டு நிறைய இஞ்செரா என்ற தோசை மாதிரியான அப்பத்தை விரித்து, அதன்மேல் காரமான மசூர் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட், பீன்ஸ், நடுவில் கொதிக்கக் கொதிக்க ஷிரோ என்று ஒவ்வொன்றாக வைத்துத் தருவார்கள். ஷிரோ என்பது கொண்டைக்கடலை மாவைக் கரைத்து மசாலா போட்டுக் காய்ச்சுவது, எனக்கு அது ஒன்றே போதும். இஞ்செராவுக்கு டெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தின் மாவைக் கரைத்துச் சில நாள் புளிக்கவைத்து, பெரிய கல்லில் ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேகவைக்கிறார்கள். புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். முதல் தட்டில் சிலருக்குப் பிடிக்காது, இரண்டாவது தட்டில் பிடித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. விரதமில்லாத நாட்களில் ஷிரோவில் வெண்ணெய் சேர்ப்பார்கள், சைவர்களுக்கு அது பரவாயில்லை, ஆனால் 'போசெனா ஷிரோ' என்று இருந்தால் அதில் இறைச்சி உண்டு. எந்த நாளானாலும் 'த்சோம்' என்ற ஒரு சொல் உங்களைக் காப்பாற்றும், விரதம் என்று அர்த்தம். சமையலறைக்கே அது புரியும், 'வெஜிடேரியன்' என்றால் சில இடங்களில் புரியாது, மீன் போடலாமா என்று கேட்பார்கள். உங்கள் பயணத்தில் ஒரு புதனோ வெள்ளியோ வரும்படி டிக்கெட் போட முடிந்தால் போடுங்கள், அன்றைக்குத் தட்டில் வரும் வகைகளே தனி. வலது கையால்தான் சாப்பிட வேண்டும், ஒரே தட்டில் பல பேர் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம், பக்கத்தில் இருப்பவர் ஒரு கவளம் உருட்டி உங்கள் வாயில் ஊட்டினால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். 'குர்ஷா' என்று பெயர், மரியாதையும் பிரியமும் காட்டுவது.

அடுத்து ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் போனால் வண்டியைத் தவறவிடுவீர்கள். அங்கே மணிக் கணக்கு காலை ஆறு மணியிலிருந்து தொடங்குகிறது. நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, நம் மதியம் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஆனால் டாக்ஸிக்காரரிடம் 'காலை மூன்று மணிக்கு வாங்க' என்று சொல்வதற்கு முன்னால் யாருடைய மணி என்று கேட்டுவிடுங்கள். விமானம், பெரிய ஓட்டல் எல்லாம் நம் மணிக் கணக்குதான். நாட்காட்டியும் வேறு, முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்தோ ஆறோ நாள் கொண்ட பதின்மூன்றாம் மாதம். வருஷக் கணக்கு நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் போகும். 2007 செப்டம்பரில்தான் அவர்கள் 2000ஆம் ஆண்டு பிறந்ததைக் கொண்டாடினார்கள். ரசீதில் பழைய வருஷம் இருக்கிறதே என்று பதற வேண்டாம்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, ஊட்டியைவிட உயரம். 'ஆப்பிரிக்கா, வெயில் கொளுத்தும்' என்று நினைத்து மெல்லிய சட்டைகளோடு மட்டும் போனால் ராத்திரியில் நடுங்குவீர்கள். முதல் நாள் படி ஏறினால் மூச்சு வாங்கும், அன்றைக்கு நிதானமாக நடங்கள். வடக்கே என்தோத்தோ மலை 3,000 மீட்டரைத் தாண்டுகிறது, அங்கே போனால் நீலகிரி ஞாபகம் வரும், ஏனென்றால் மலை முழுக்கத் தைல மரம். மெனெலிக் மன்னர் 1886ல் இந்த ஊரை அமைத்த பிறகு சுற்றியிருந்த காடெல்லாம் விறகுக்கு வெட்டப்பட்டு, தலைநகரையே வேறு இடத்துக்கு மாற்றலாமா என்ற நிலை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரம் கொண்டுவந்து நட்டார்கள், அது சீக்கிரம் வளர்ந்ததால் தலைநகர் இங்கேயே நிலைத்தது. முதுகு வளைய விறகுக்கட்டு சுமந்து அந்த மலையிலிருந்து இறங்கும் பெண்களின் வாழ்க்கையும் அதே மரத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்தால் போட்டோ எடுக்காமல் வழி விடுங்கள்.

பார்க்க வேண்டியவற்றில் தேசிய அருங்காட்சியகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1974ல் அஃபார் பகுதியில் ஹதார் என்ற இடத்தில் கிடைத்த லூசி, சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தவள், அங்கேதான் இருக்கிறாள். எத்தியோப்பியர்கள் அவளை தின்கினேஷ் என்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பது வார்ப்பு நகல், அசல் எலும்புகள் பத்திரமாக உள்ளே இருக்கின்றன, இதைக் கேட்டு ஏமாந்ததாக நினைக்காதீர்கள். எலும்புக்கூடு அவ்வளவு சிறியது, ஒரு சின்னக் குழந்தையின் உயரம்தான், அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருந்தேன். கட்டடம் பழசு, விளக்கு வெளிச்சம் போதாது, அறிவிப்புப் பலகைகள் சுமார், அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சித்திஸ்ட் கிலோ என்னும் இடத்தில் பல்கலைக்கழகத்துக்குள் இனவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அது ஹைலே செலாசி பேரரசர் குடியிருந்த அரண்மனை, அவருடைய படுக்கையறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். பொருட்களைப் பிறப்பு, வளர்ப்பு, கல்யாணம், சாவு என்று மனித வாழ்க்கையின் வரிசையில் அடுக்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. வெளியே வந்ததும் நாற்சந்தி நடுவில் ஓர் உயரமான கல் தூண் தெரியும். 1937 பிப்ரவரியில் இத்தாலியத் தளபதி கிராசியானியைக் கொல்ல நடந்த முயற்சிக்குப் பழிவாங்க இத்தாலியர்கள் ஊரில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்றார்கள், அப்படிக் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னம் அது. எத்தனையோ பேர் காரில் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், நீங்கள் இறங்கி அடியில் செதுக்கியிருக்கும் சிற்பங்களைப் பாருங்கள்.

மெஸ்கெல் சதுக்கத்தின் ஓரத்தில் சிவப்புப் பயங்கர நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் நான் உங்களை இங்கேதான் போகச் சொல்வேன். 1974ல் பேரரசரைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்த தெர்க் ராணுவக் குழு, 1977, 78 வாக்கில் மாணவர்களையும் எதிர்த்தவர்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. பிள்ளையின் உடலை வாங்க வந்த பெற்றோரிடம் சுட்ட குண்டுக்குக் காசு கேட்டார்கள். உள்ளே சுவர் முழுக்கப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பெரும்பாலும் கல்லூரி வயசுப் பிள்ளைகள், புதைகுழிகளில் கிடைத்த எலும்பும் சட்டையும் செருப்பும். தப்பிப் பிழைத்தவர்கள் சிலர் அங்கே வழிகாட்டிகளாக இருந்திருக்கிறார்கள், அப்படி ஒருவர் கிடைத்தால் அவசரப்படுத்தாமல் கேளுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, உண்டியலில் மனசு வந்ததைப் போடலாம். இன்றைக்கு அந்த ஊரில் வயதானவர்கள் அரசியல் பேச்சு வந்தால் ஏன் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பது இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மெனெலிக்கின் அரண்மனை வளாகத்தில் 2019ல் திறந்த யூனிட்டி பூங்கா அழகானதுதான், ஆனால் நேரம் குறைவு என்றால் அதை விட்டுவிடலாம்.

பியாசா பற்றிப் பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போகாதீர்கள். மரத் தாழ்வாரம் வைத்த பழைய வீடுகள், நகைக்கடைகள், சந்துகள் என்று இருந்த அந்தப் பகுதியில் பெரும்பகுதியை 2024ல் சாலை விரிவாக்கம், அழகுபடுத்தல் என்று இடித்துவிட்டார்கள், தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் ஊரின் எல்லைக்குப் போக வேண்டியதாயிற்று. சாலையும் நடைபாதையும் பளிச்சென்று ஆகியிருப்பது உண்மை. ஆனால் அந்தத் தெருக்களின் உயிர் அங்கே குடியிருந்த மனிதர்கள்தான், அவர்களை அனுப்பிவிட்டு வைத்த விளக்குக் கம்பங்களை என்னால் ரசிக்க முடியவில்லை. 1896ல் அட்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த வெற்றிக்கான பெரிய நினைவகமும் 2024ல் அங்கேதான் திறந்தது. அட்வா அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ள அதையும் பக்கத்தில் இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

1953லிருந்து நடக்கும் தொமோகா காபிக் கடையும் பியாசாவில்தான், நின்றுகொண்டே குடிக்க வேண்டும். நல்ல காபி, சந்தேகமில்லை. ஆனாலும் தெருவோரம் சின்ன முக்காலி போட்டு, கரி அடுப்பில் ஜெபெனா என்ற கறுப்பு மண் கூஜா வைத்துக் காபி போடும் பெண்களிடம் உட்கார்ந்து குடிப்பதைத்தான் நான் சொல்வேன். பச்சைக் கொட்டையைக் கண் முன்னால் வறுத்து, அந்தப் புகையை நம் பக்கம் காட்டி, இடித்து, காய்ச்சி, கைப்பிடி இல்லாத குட்டிக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, கொறிக்கப் பொரித்த சோளம் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு அழைத்தால் மூன்று சுற்று உண்டு, அபோல், தோனா, பரக்கா என்று, முதல் கிண்ணத்தோடு எழுந்தால் மனசு சங்கடப்படுவார்கள். அப்படி ஒரு கடையில் ஒரு பெரியவர் நான் இந்தியன் என்று தெரிந்ததும் தன் பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பேரரசர் காலத்தில் இந்திய ஆசிரியர்கள், முக்கியமாகக் கேரளத்துக்காரர்கள், நாடு முழுக்கப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால் அந்தத் தலைமுறைக்கு இந்தியர் என்றாலே வாத்தியார்தான். அந்த மரியாதையை நாம் சம்பாதிக்கவில்லை, யாரோ எப்போதோ சம்பாதித்து வைத்தது, கெடுக்காமல் வந்தால் போதும்.

பாதுகாப்பு பற்றி. என் அனுபவத்தில் பகலில் நடந்து திரிய பயமில்லாத ஊர், பிக்பாக்கெட் மட்டும் உண்டு. மெர்காத்தோ என்ற மாபெரும் சந்தைக்கும், நெரிசல் நேரத்து ரயிலுக்கும் போனால் கைப்பையும் பாஸ்போர்ட்டும் வேண்டாம், கொஞ்சம் பணத்தை முன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போங்கள். தெருவில் யாராவது நெருங்கிவந்து இடித்தால், எதையாவது சட்டையில் சிந்தித் துடைக்க வந்தால், விலகி நடந்துவிடுங்கள். 'உங்கள் ஓட்டலில்தான் வேலை செய்கிறேன், இன்று எங்கள் வீட்டில் காபி விழா, நடனம் உண்டு' என்று அழைக்கும் இளைஞர்களோடு போகாதீர்கள், கடைசியில் பெரிய பில் வரும். நீல-வெள்ளை மினிபஸ்ஸில் ஏறிப் பாருங்கள், வாசலில் தொங்கிக்கொண்டு 'போலே போலே போலே' என்று கூவும் உதவியாளர் நீங்கள் போகும் இடத்தைச் சொன்னால் சரியான இடத்தில் இறக்கிவிடுவார், இறங்க 'வராஜ் அலே' என்று சத்தமாகச் சொல்லுங்கள். ராத்திரியில் 'ரைடு', 'ஃபெரஸ்' மாதிரி செயலிகளில் வண்டி பிடிப்பது நல்லது. அரசுக் கட்டடம், ராணுவம், போலீஸ் இவற்றைப் படம் எடுக்கவே கூடாது. ஊருக்கு வெளியே சாலை வழியாகத் தொலைவு போகத் திட்டமிருந்தால் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், நாட்டின் வடக்கே திக்ரே பகுதியில் நடந்த போர் 2022 நவம்பரில் உடன்படிக்கையோடு முடிந்தாலும் அம்ஹாரா பகுதியில் 2023லிருந்து சண்டை.

கைத்தறி பிடிக்குமென்றால் ஷிரோ மேடா சந்தைக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். கரையில் வேலைப்பாடு செய்த வெள்ளைப் பருத்தித் துணி, நெத்தெலா என்ற மெல்லிய மேல்துண்டு எல்லாம் மற்ற இடங்களைவிட அங்கே மலிவு. அம்மாவுக்கு ஒன்று வாங்கிவந்தேன், கோயிலுக்குப் போகும்போது போர்த்திக்கொள்கிறார்.

கடைசியாக, இதை மட்டும் மறக்கவே கூடாது. எத்தியோப்பியாவுக்குள் போய்விட்டு இந்தியா திரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னாவது போட்டிருக்க வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்கூட்டியே கேட்டு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். விசா அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். 2024 ஜூலையில் பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபின் விலைகள் மாறிவிட்டன, பழைய கணக்கை நம்பாமல் டாலர் கொண்டுபோய் வங்கியில் மாற்றுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் வானம் தெளிவாக இருக்கும். ஜனவரி 19 வாக்கில் தேதி அமைந்தால், இயேசு ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் திம்கெத் திருவிழாவுக்கு ஜான் மேடா மைதானத்துக்குப் போங்கள், அதற்கு முந்தைய நாள் மதியமே ஊர்வலங்கள் தொடங்கிவிடும், அன்றைக்கு ஓட்டல் அறை கிடைப்பது கஷ்டம், முன்பதிவு செய்துவிடுங்கள்.