வயிற்றுக் கிருமிகளைப் பற்றிக் கேளுங்கள்

பினாங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் நுண்ணுயிர்ப் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புரோபயாட்டிக், அதாவது உடம்புக்கு நல்லது செய்யும் என்று உயிரோடு உட்கொள்ளும் நுண்ணுயிர், அது உள்ள பானம், பொடி, மாத்திரை பற்றி நம் குழுவில் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதையே கேளுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பாட்டி: ஏம்மா, தயிரில் இருக்கும் கிருமிக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல இடத்தில் தொடங்கினீர்கள் அம்மா. நம் நோய் எதிர்ப்புச் செல்களில் நிறைய குடலை ஒட்டிக் குடியிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் பொருள் நாள் முழுக்க உரசிப் போகும் இடம் அது. அங்கே குடல் சுவரின் உள்தோல் ஒரே ஒரு செல் கனம்தான். அதற்கு மேல் வழவழப்பான கோழைப் படலம் ஒன்று போர்வை மாதிரி கிடக்கும்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சின்னச் சின்னத் திட்டுகள் உண்டு. 1677இல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் யோகான் கொன்ராட் பேயர் அவற்றை விவரித்ததால் பேயர் திட்டுகள் என்று பெயர். அவற்றின் மேலுள்ள எம் செல்கள், குடலில் போகும் பாக்டீரியாவில் கொஞ்சத்தைப் பிடித்து உள்ளே அனுப்பும். உள்ளே கிளைச்செல்கள் அதை வாங்கி, 'இவன் யார்' என்று மற்ற எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும். அதன் பிறகு ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் சுரக்கும். அது கிருமியைப் போர்த்திக்கொண்டு சுவரைத் தொடவிடாமல் வெளியே தள்ளிவிடும். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. நம் உடம்பு மற்ற எல்லா எதிர்ப்பொருளையும் சேர்த்துச் செய்வதைவிட இந்த ஐஜிஏவை அதிகம் செய்கிறது.

கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். அவற்றின் பேயர் திட்டுகள் சிறுத்துக் கிடக்கும், ஐஜிஏ மிகக் குறைவு. பாக்டீரியா வந்து பழக்கினால்தான் இந்த ஏற்பாடு முழுதாக வளர்கிறது.

பிறையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, அப்போ புரோபயாட்டிக் குடித்தால் எதிர்ப்புச் சக்தி கூடும்தானே?

'கூடும்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. காலையில் நாசி லெமாக் சாப்பிடுகிறீர்கள். அதிலுள்ள நெத்திலியும் கச்சானும் (நிலக்கடலை) உடம்புக்கு அந்நியப் பொருள்தான். குடல் அவற்றோடு போருக்குப் போவதில்லை. யாரை விட்டுவிடலாம் என்று தெரிந்திருப்பதுதான் அதன் பெரிய திறமை. அது கெட்டால்தான் அலர்ஜியும் குரோன் மாதிரியான குடல் அழற்சியும் வருகின்றன. அந்த நோயாளிகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவில்லை, அடங்காமல் இருக்கிறது.

நல்ல பாக்டீரியா செய்யும் உதவியில் பாதி இந்த அடக்கம் கற்பிப்பது. நாம் செரிக்காமல் விடும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா புளிக்க வைக்கும்போது பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் வரும். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். சண்டையை அமர்த்தும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் பெருகவும் அது துணை செய்கிறது.

ஜார்ஜ் டவுன்: தினமும் ஒரு யாகுல்ட் குடிக்கிறேன். பலன் உண்டா?

ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930இல் பிரித்தெடுத்து வளர்த்த லாக்டோபாசில்லஸ் வகை அது, 1935இல் பானமாக விற்பனைக்கு வந்தது. வயிற்று அமிலத்தைத் தாண்டி உயிரோடு போகும். ஆனால் நிரந்தரமாகத் தங்காது. போகிற வழியில் குடல் செல்களோடு பேசிவிட்டுப் போகும் விருந்தாளி. குடிப்பதை நிறுத்தினால் கொஞ்ச நாளில் காணாமல் போய்விடும். ஒரு பாக்டீரியா வகையில் கண்ட பலனை இன்னொரு வகைக்கு எழுதிவிடக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் லேபிளில் சர்க்கரையைப் பார்த்து வாங்குங்கள்.

ஆயர் ஈத்தாம்: இட்லி, தெம்பே?

இட்லி மாவில் உயிரோடு இருப்பவை ஆவியில் செத்துவிடும். தெம்பே என்ற சோயா உணவைப் புளிக்க வைப்பது ஒரு பூஞ்சை, அதையும் பொரித்துத்தானே சாப்பிடுகிறோம். இரண்டும் நல்ல உணவு, ஆனால் உயிருள்ள பாக்டீரியா வேண்டும் என்றால் வீட்டுத் தயிர், மோர், பழைய சோறு.

புக்கிட் மெர்தாஜாம்: ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வருகிறது. கூடவே புரோபயாட்டிக் எடுக்கலாமா?

சில வகைகள் அந்த வயிற்றுப்போக்கைக் குறைக்கின்றன. அதில் ஒன்று சாக்கரோமைசிஸ் பூலார்டி. நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் கதை அது. 1920களில் காலரா பரவிய இந்தோசீனாவில், லைச்சி, மங்குஸ்தீன் தோலைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் மக்களைக் கவனித்து, ஆன்றி பூலார் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தத் தோலிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட் அது. பாக்டீரியா அல்ல என்பதால் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது.

ஆனால் 2018இல் இஸ்ரேலில் ஒரு ஆய்வு வந்தது. ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகு பல வகை கலந்த புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு, அவர்களுடைய சொந்தக் குடல் பாக்டீரியா திரும்பி வரத் தாமதமானது. அதனால் வயிற்றுப்போக்கு வந்து பழக்கமுள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு எடுங்கள். மற்றவர்களுக்கு வழக்கமாக எடுக்கச் சொல்லமாட்டேன்.

பாயான் லெப்பாஸ்: அப்பாவுக்குக் கீமோ நடக்கிறது. புரோபயாட்டிக் பொடி கொடுத்தால் தெம்பு வரும் என்கிறார்கள்.

டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் தம்பி. கீமோவில் வெள்ளையணு விழுந்திருக்கும், குடல் சுவரும் புண்பட்டிருக்கும். அந்த நேரத்தில் சாதுவான பாக்டீரியாகூட ரத்தத்தில் இறங்கலாம். ரத்த நாளத்தில் மருந்துக் குழாய் போட்டிருந்தால், அந்தப் பொடியை அதன் பக்கத்தில் பிரிப்பதே ஆபத்து.

நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2008இல் வெளிவந்தது. புரோபயாட்டிக் கொடுத்த 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். கொடுக்காத 144 பேரில் 9 பேர். உதவும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். முதல் தடவை படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த 24 பேர்தான் ஞாபகம் வருகிறார்கள்.

சுங்கை டுவாவிலிருந்து ஒரு இளம் தாய்: குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் மட்டும்தான். சொட்டு மருந்தாக ஏதாவது கொடுக்கணுமா அக்கா?

நலமாக இருக்கும் பிள்ளைக்கு வேண்டாம்மா. உங்கள் பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைகள் சில இருக்கின்றன. அவை குழந்தைக்கு அல்ல, அதன் குடலில் வளரும் பிஃபிடோபாக்டீரியாவுக்கு. ஐஜிஏவும் அதே பாலில் போகிறது. நீங்கள் கீரை, சிறகவரை, பெகாகா உலாம் (பச்சை வல்லாரை) என்று வயிறாரச் சாப்பிடுங்கள்.