கேட்ட பிறகு பேசுவது: சில கேள்விகளும் பதில்களும்

"யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்" என்ற யாக்கோபு 1:19ஐ ஒட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உண்மை பேசுவதைப் பற்றித்தான் பெரும்பாலானோர் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சிக்கல் தொடங்குவது அதற்கு முன்பே, கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் விட்ட இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் பெண்கள் ஜெபக் குழுவில் வாரந்தோறும் யாராவது ஒருவர் வீட்டுப் பிரச்சினை ஜெபக் குறிப்பாக வருகிறது. ஜெபிப்பதற்காகத்தானே சொல்கிறோம், இதுவும் புறங்கூறுதலா?

அந்த வீட்டாரிடம் அனுமதி கேட்டீர்களா சகோதரி? கேட்கவில்லை என்றால் புறங்கூறுதல்தான். யார் வீட்டில் எதற்காகச் சண்டை என்று கர்த்தருக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக ஜெபிப்போம்" என்பது போதும்.

நாஜி ஆட்சிக் காலத்தில், அரசின் பிடிக்குள் போக மறுத்த ஜெர்மானியச் சபையினருக்காக டீட்ரிச் போன்ஹோஃபர் ஃபின்கன்வால்டே என்ற ஊரில் போதகர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1937இல் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அதை மூடும்வரை அங்கே ஒரு விதி இருந்தது. உடன் இல்லாத சகோதரனைப் பற்றி யாரும் பேசக் கூடாது. மீறிப் பேசிவிட்டால், பேசியதை அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பாதிதான் கடினம். ஆனால் அதுதான் வாயைக் காக்கும். உங்கள் குழுவில் ஒரு மாதம் கடைப்பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, பக்கத்துச் சபையில் வேதத்துக்கு மாறான வழிபாடு நடக்கிறது என்று ஒரு காணொளி வந்தது. சத்தியத்துக்காக வைராக்கியம் காட்ட வேண்டாமா? எங்கள் வாலிபர் குழுவில் எல்லாருக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

அனுப்பாதீர்கள் தம்பி. முதலில் யோசுவா 22ஆம் அதிகாரத்தை வாசியுங்கள்.

இஸ்ரவேலரில் யோர்தான் நதிக்குக் கிழக்கே குடியேறிய ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் நதியருகே பெரிய பீடம் ஒன்றைக் கட்டினார்கள். கர்த்தரை ஆராதிக்கும் ஆசரிப்புக் கூடாரத்துக்கு முன்னிருக்கும் பலிபீடத்தைத் தவிர வேறொன்று இருக்கக் கூடாது. ஆகவே செய்தி கேட்ட மற்ற கோத்திரங்கள் சீலோவில் கூடின, யுத்தத்துக்கு. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பேயோரில் நடந்த விக்கிரக ஆராதனைப் பாவமும், விலக்கப்பட்ட பொருளைத் திருடிய ஆகானின் பாவமும் ஜனம் முழுவதையும் எப்படி வாட்டின என்பதை அவர்கள் மறந்திருக்கவில்லை.

ஆனால் படைக்கு முன்னே ஆசாரியனான பினெகாசும் பத்துப் பிரபுக்களும் போனார்கள். குற்றச்சாட்டை மழுப்பாமல் முகத்துக்கு நேரே சொன்னார்கள். கூடவே, "உங்கள் தேசம் தீட்டானது என்று நினைத்தால் எங்கள் பக்கம் வந்து எங்களோடு குடியிருங்கள்" என்றும் அழைத்தார்கள். தங்கள் நிலத்தில் பங்கு கொடுக்கத் துணிந்து கண்டித்தார்கள்! நாம் கண்டிக்கும்போது நம்மிடம் இல்லாமல் போவது இதுதான்.

பிறகு கேட்டார்கள். கட்டியவர்கள் சொன்னது வேறு கதை: அது பலியிடுவதற்கல்ல. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, "கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை" என்று சொல்லிவிடக் கூடாதே என்று சாட்சிக்காகக் கட்டினோம். பினெகாசுக்கு அந்தப் பதில் நலமாகப்பட்டது. யுத்தப் பேச்சு நின்றது. கட்டியவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். தங்கள் பயத்தை வெளிப்படையாகப் பேசாமல் கல்லை அடுக்கியதும் ஒருவகை மௌனப் பிழைதான்.

ஆகவே, தம்பி, அந்தச் சபைப் போதகரை உங்கள் போதகரோடு போய்ப் பாருங்கள். கேட்ட பின்பும் தவறு தவறாகவே இருந்தால், அவரிடமே சொல்லுங்கள்.

கேள்வி: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். "எனக்கே இந்த விலைதான் அடக்கம்" என்று சொல்லாமல் பேரம் முடிவதில்லை. எல்லாரும் சொல்வதுதான், வாங்குகிறவருக்கும் தெரியும். இதுவும் பொய்யா?

பொய்தான் அண்ணாச்சி. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்த வணிகர்களுக்கு இதே கேள்வி வந்தது. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற மத்தேயு 5:37ஐ அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு, கொடுக்கப்போகும் விலையையே முதலில் சொன்னார்கள். தொடக்கத்தில் வியாபாரம் குறைந்தது. பிறகு, சிறு பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று மக்கள் அவர்கள் கடைகளைத் தேடி வந்ததாக அந்தக் குழுவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் எழுதியிருக்கிறார். உங்களுக்கும் லாபம் பெருகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அடக்க விலையைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. "இதற்குக் குறைத்தால் எனக்குக் கட்டாது" என்பது உண்மையானால் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் சுகமானதைச் சாட்சி சொல்லும்போது "மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள்" என்று சேர்க்கச் சொல்கிறார்கள்.

சேர்க்காதீர்கள். தேவனுக்காக வஞ்சகமாய்ப் பேசுவீர்களோ என்று யோபு தன் நண்பர்களைக் கேட்டான் (13:7).

கேள்வி: உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா?

அப்போதும் கூடாது என்றார் ஆதிச் சபையின் போதகரான அகஸ்டின். ஆனால் பார்வோனிடம் உண்மையை மறைத்துக் குழந்தைகளைக் காத்த மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மை செய்தார் என்று யாத்திராகமம் முதல் அதிகாரம் சொல்கிறது. கொலைகாரன் வாசலில் நிற்கும்போது நான் மருத்துவச்சிகள் பக்கம்தான். அந்த வாசலைக் காட்டி அன்றாடப் பொய்களுக்கு அனுமதி வாங்க முடியாது.

கேள்வி: என் மாமனாருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. அவருக்குச் சொல்ல வேண்டாம் என்பது குடும்பத்தின் முடிவு. "வெறும் வயிற்றுப் புண், மாமா" என்று தினமும் சொல்கிறேன். அவர் என் முகத்தையே பார்க்கிறார். என்ன செய்வது?

மகளே, உன் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்பினால்தான் மறைக்கிறீர்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாகும் அளவுக்கு நோயுற்றிருந்த எசேக்கியா ராஜாவுக்குத் தீர்க்கதரிசி ஏசாயா கொண்டுபோன செய்தி, "உம்முடைய வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும்" என்பது. சாகப்போகிறவருக்கும் செய்து முடிக்க வேண்டியவை உண்டு: ஒருவரை மன்னிக்க, ஒரு கடனைத் தீர்க்க, பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்க. அந்த நேரம் அவருக்குச் சொந்தமானது.

அதற்காக இன்றே போய் எல்லாவற்றையும் கொட்டிவிடாதே. முதலில் உன் கணவரிடமும் அத்தையிடமும் பேசு. பிறகு அவர் அருகில் அமர்ந்து, "மாமா, உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேள். அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேள். அநேகமாக அவருக்கே தெரிந்திருக்கும். கேட்டால், கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல். பேச்சை மாற்றினால் விட்டுவிடு, மறுநாள் வரட்டும். மருத்துவரையும் உடன் வைத்துக்கொள். வயிற்றுப் புண் என்று மட்டும் இனிச் சொல்லாதே.