ஹவுஸ் ஆஃப் த டிராகன் மூன்றாவது சீசன்: ரேட்டிங் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

ஹவுஸ் ஆஃப் த டிராகன், கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடருக்கு முந்திய காலத்துக் கதை; இரண்டுமே அமெரிக்காவின் எச்பிஓ சேனல் தொடர்கள். இதன் மூன்றாவது சீசன் 2026 நடுவில் வருகிறது என்று உறுதியானதிலிருந்து, சிங்கப்பூரின் பல பேட்டைகளிலிருந்தும் ஆளாளுக்கு ஒரு பார்வையாளர் எண்ணை எடுத்துக்கொண்டு வந்து கேட்கிறீர்கள். 2011ல் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் கணக்குகளை வாராவாரம் பார்த்துக் குறித்து வைக்கிற ஆள் நான். ஒன்றொன்றாகச் சொல்லிவிடுகிறேன். வரப்போகும் கதையை உடைக்க மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

உட்லண்ட்ஸிலிருந்து: அண்ணே, முதல் சீசன் 10 மில்லியன் பேர் பார்த்தார்களாம், இரண்டாவது 7.8 மில்லியன்தானாம். தொடர் படுத்துவிட்டதா? பாதியில் நிறுத்திவிடுவார்களா?

இல்லை தம்பி. அந்த இரண்டு எண்ணும் சரிதான், ஆனால் இரண்டுமே முதல் நாள் எண்கள். 2022 ஆகஸ்ட் 21ல் முதல் எபிசோடை அமெரிக்காவில் கிட்டத்தட்ட 10 மில்லியன் பேர் பார்த்தார்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸ் முடிந்து மூன்று வருடம் காய்ந்து கிடந்தவர்கள், எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று வந்தவர்கள், எல்லோரும் சேர்ந்த கூட்டம் அது. 2024 ஜூன் 16ல் அது 7.8 ஆனது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை.

ஆனால் சீசன் எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் சீசன் 10ல் தொடங்கி 9.3ல் முடிந்தது. இரண்டாவது 7.8ல் தொடங்கி, ஆகஸ்ட் 4ல் கடைசி எபிசோடு வந்தபோது 8.9 ஆகியிருந்தது. ஒன்று இறங்கியது, மற்றது ஏறியது. எட்டு வாரத்தில் ஒரு மில்லியனுக்கு மேல் ஆள் சேர்ந்த தொடரைப் படுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது.

நிறுத்துகிற பேச்சும் இல்லை. இரண்டாவது சீசன் ஒளியேறுவதற்கு முன்பே மூன்றாவது உண்டு என்று எச்பிஓ அறிவித்துவிட்டது. நான்காவதும் உறுதி, அதோடு கதை முடிகிறது. தொடரை நடத்தும் ரயன் காண்டல் நான்கு சீசன்தான் என்று முன்பே சொல்லிவிட்டார். கதைக்கு அவ்வளவு நீளம் போதும் என்று அவர்கள் போட்ட கணக்கு அது. ஆள் குறைந்ததால் வெட்டியது என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொங்கோலிலிருந்து: நான் இங்கே வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது அந்த 7.8 மில்லியனில் சேருமா?

சேராது. அது அமெரிக்காவில் மட்டும், அந்த ஓர் இரவில் மட்டும், எச்பிஓ சேனலிலும் அவர்கள் செயலியிலும் பார்த்தவர்களின் கூட்டுத்தொகை. டிவி பார்வையாளர்களை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் அளவீட்டையும் தங்கள் சொந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்வார்கள். மறுநாள் பார்த்தவர், வார இறுதியில் மொத்தமாகப் பார்த்தவர் யாரும் அதில் இல்லை.

அதற்காக நம்மை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பர் 19ல் சிங்கப்பூருக்கு எச்பிஓவின் மேக்ஸ் செயலி வந்தது, 2025 ஜூலையில் அதன் பெயர் மறுபடி எச்பிஓ மேக்ஸ் ஆனது. அந்தச் செயலியில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், முழுசாகப் பார்த்தீர்களா என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் விழும். அதை வெளியில் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். எச்பிஓ சேனலில் விளம்பர இடைவேளை கிடையாது, சந்தாவை நம்பி வளர்ந்த நிறுவனம். ஒரு ராத்திரிக்கு எத்தனை பேர் என்பதைவிட, இந்தத் தொடருக்காக எத்தனை பேர் சந்தாவை நிறுத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

தெம்பனிஸ் அக்கா ஒருவர்: எங்கள் அம்மா பார்க்கும் சீரியலுக்கு டிஆர்பி 9, 10 என்று சொல்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு அக்கா. இந்தியாவில் பார்க் இந்தியா என்ற அமைப்பு, தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து அளக்கிறது. 9 என்றால் ஒன்பது மில்லியன் பேர் என்று அர்த்தமில்லை. அந்தச் சந்தையில் டிவி உள்ளவர்களில், சராசரியாக ஒவ்வொரு நிமிடமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர் என்று அர்த்தம். அது சதவீதம், இது தலைக்கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் இன்னொரு வழி வைத்திருக்கிறது. மொத்தம் பார்த்த மணி நேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுத்து, வருவதை 'பார்வைகள்' என்கிறது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எது பெரியது என்று சண்டை போடுவதில் பயனே இல்லை. அம்மா பார்க்கும் சீரியலின் 9 உண்மையிலேயே பெரிய எண், அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து: நல்ல ரேட்டிங் என்றால் நல்ல தொடர் என்றுதானே பொருள்?

இதற்கு ஒரே ஒரு எபிசோடை உதாரணம் சொல்கிறேன். 2019 மே 19ல் வந்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி எபிசோடு. எச்பிஓ சேனலில் மட்டும் 13.6 மில்லியன், அன்றிரவே மறுஒளிபரப்பும் செயலியும் சேர்த்தால் 19.3 மில்லியன். எச்பிஓ வரலாற்றிலேயே அதுவரை அப்படி ஒரு எண் வந்ததில்லை. அதே எபிசோடுக்கு ஐஎம்டிபி என்ற இணையதளத்தில் ரசிகர்கள் போட்ட மதிப்பெண் பத்துக்கு 4 அளவில்தான் நிற்கிறது. அந்தத் தொடரிலேயே ஆகக் குறைந்தது அதுதான். எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு மனம் நொந்தார்கள். அந்தத் தொடர் 2011ல் வெறும் 2.2 மில்லியனில் தொடங்கியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். எட்டு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த நம்பிக்கைதான் அன்றைக்கு அத்தனை பேரை உட்கார வைத்தது. ஒரு எபிசோடின் கூட்டம் அதற்கு முன்னால் வந்த எபிசோடுகளின் தரத்தைச் சொல்கிறது. அந்த எபிசோடின் தரம் அடுத்ததில்தான் தெரியும்.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. தி வீல் ஆஃப் டைம் மூன்றாவது சீசனை விமர்சகர்கள் அப்படிப் பாராட்டினார்கள், 2025 மே மாதம் அமேசான் அதை நிறுத்திவிட்டது. கற்பனை உலகத் தொடர் என்றால் உடை, அரங்கம், கிராஃபிக்ஸ் என்று செலவு மிக அதிகம். பாராட்டு மட்டும் அந்தச் செலவைத் தாங்காது. அந்தத் தொடர் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

பிடோக்கிலிருந்து: ஏன் ஒவ்வொரு சீசனுக்கும் இரண்டு வருடம் காக்க வைக்கிறார்கள்? அதுவும் எட்டே எபிசோடு!

எல்லாரையும்விட எனக்குத்தான் இந்த ஆதங்கம் அதிகம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரண்டாவது சீசன் படப்பிடிப்பு 2023 ஏப்ரலில் பிரிட்டனில் தொடங்கியது. மே 2ல் அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம், ஜூலையில் நடிகர்களும் இறங்கினார்கள். பல தொடர்கள் அப்படியே நின்றன. இது மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் நடிகர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் சங்கத்தின் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், திரைக்கதையும் முன்பே எழுதி முடிந்திருந்தது. ஆனால் படமெடுக்கும்போது ஒரு காட்சி சரியாக வரவில்லை என்றால் எழுத்தாளர் உட்கார்ந்து வசனத்தைத் திருத்துவார் இல்லையா, அது வேலைநிறுத்தம் நடக்கும்போது முடியாது. எழுதியதை எழுதியபடியே எடுக்க வேண்டும். ஹாரன்ஹால் கோட்டையில் டேமன் என்ற பாத்திரம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்த அந்த நடு எபிசோடுகளை இரண்டாம் முறை பார்த்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. அது என் ஊகம்தான்.

எபிசோடும் பத்திலிருந்து எட்டாகக் குறைந்தது. கடைசி எபிசோடில் எல்லாப் படைகளும் கிளம்பி நடக்கின்றன, கப்பல்கள் புறப்படுகின்றன, திரை இருட்டாகிவிடுகிறது. பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, சாப்பாடு இரண்டு வருடம் கழித்து என்று சொன்ன மாதிரி இருந்தது. ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது சீசனுக்கு 2025 மார்ச்சில்தான் கேமரா ஓடத் தொடங்கியது. கப்பல்கள், கடல், நெருப்பு, டிராகன், எல்லாம் ஒரே ஃபிரேமில் வரும் போர் ஒன்று வருகிறது, குல்லெட் கடல் போர் என்று பெயர். நடிகர் அசையும் ஒரு பொறியில் உட்கார்ந்து நடிப்பார், அதைச் சுற்றி டிராகனை, வானத்தை, புகையைப் பின்னர் கணினியில் வரைந்து சேர்க்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தினால் திரையில் அப்பட்டமாகத் தெரியும். எனவே தாமதத்துக்குக் காரணம் புரிகிறது. ஆனால் இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. பாத்திரங்களின் பெயரே மறந்துபோனவர் திரும்ப வருவதில்லை.

ஈசூனிலிருந்து: டெலிகிராமில் ஒரு நாள் முன்னாடியே கிடைக்கிறதே, அதில் பார்த்தால் என்ன?

பார்க்காதீர்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஓடிய வருடங்களில் உலகத்திலேயே அதிகமாகத் திருட்டுத்தனமாகப் பார்க்கப்பட்ட தொடர் என்ற பெயர் அதற்குத்தான் திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஹவுஸ் ஆஃப் த டிராகன் முதல் சீசனின் கடைசி எபிசோடும் இப்படி முன்பே கசிந்தது, இரண்டாவதின் காட்சிகளும் கசிந்தன. அத்தனை மாதம் உழைத்து வரைந்த டிராகனை மங்கலான கோப்பில், ஓரத்தில் சூதாட்ட விளம்பரத்தோடு பார்ப்பது அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை இல்லை. உங்கள் பார்வை எந்தக் கணக்கிலும் சேராது என்பது இன்னொரு பக்கம்.

சுவா சூ காங் அக்கா ஒருவர்: என் மகனுக்கு 15 வயது, வகுப்பில் எல்லோரும் பேசுகிறார்களாம். பார்க்க விடலாமா?

வேண்டாம் அக்கா. இங்கே என்சி16 என்றால் 16 வயதுக்கு மேல், எம்18 என்றால் 18க்கு மேல், ஆர்21 என்றால் 21க்கு மேல். செயலியில் ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னால் அந்த அடையாளம் வரும், அதைப் பார்த்து முடிவெடுங்கள். முதல் எபிசோடிலேயே ஒரு பிரசவக் காட்சி இருக்கிறது. எனக்கே பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செயலிக்கு பின் (PIN) நம்பர் போட்டுப் பூட்டி வையுங்கள், கொஞ்சம் வளரட்டும்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: எ நைட் ஆஃப் த செவன் கிங்டம்ஸ் பார்த்தால்தான் இது புரியுமா?

தேவையில்லை. அதே உலகத்தில் நடப்பதுதான், ஆனால் அது காலத்தால் பிந்திய, தனிக் கதை. ஆனால் ஆறே எபிசோடு, ஒவ்வொன்றும் சின்னது, பார்த்தால் மனசு நிறையும். ஹவுஸ் ஆஃப் த டிராகன் இரண்டாவது சீசனை மட்டும் மறுபடி ஒருமுறை ஓட்டிவிட்டு மூன்றாவதற்கு வாருங்கள்.

செங்காங்கிலிருந்து: நம் நேரத்துக்கு எப்போது வரும்? லீவு போட வேண்டுமா?

அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு 9 மணி என்றால், ஜூன், ஜூலை மாதங்களில் நமக்குத் திங்கள் காலை 9 மணி. சரியாக 12 மணி நேர வித்தியாசம். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொடுமையான நேரம். லிஃப்டில் யாராவது கதையைச் சொல்லிவிடுவார்களோ என்று மாலை வரை காதைப் பொத்திக்கொண்டு திரிய வேண்டும்.

ஆனால் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. 2019 மே 20, கேம் ஆஃப் த்ரோன்ஸ் முடிந்த திங்கள், விசாக தின விடுமுறை. 2024 ஜூன் 17, இரண்டாவது சீசன் தொடங்கிய திங்கள், ஹஜ்ஜுப் பெருநாள். 2022 அக்டோபர் 24, முதல் சீசன் முடிந்த திங்கள், தீபாவளி! அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையில் மஞ்சள் காயாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். விருந்தாளிகள் வருகிற நேரம் என்பதால் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். அம்மா முறுக்குத் தட்டோடு கூடத்துக்கு வந்தவர், புயல் மேகத்துக்குள் அந்தச் சின்ன டிராகனைப் பெரிய டிராகன் துரத்துவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ, சின்னப் பிள்ளையப்பா அது" என்றார். அவர் அதற்கு முன் ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை. பெயர் தெரியாது, யார் மகன் என்று தெரியாது. தட்டைக் கீழே வைக்காமல் முடியும்வரை நின்றார்.

இந்த வருடம் தேசிய தினம் ஞாயிற்றுக்கிழமை, அதனால் ஆகஸ்ட் 10 திங்கள் விடுமுறை. ஜூன் 22 திங்கள் முதல் எபிசோடு நமக்கு வந்தால், வாரம் ஒன்று என்று எண்ணிப் பாருங்கள், எட்டாவது சரியாக ஆகஸ்ட் 10 காலையில் வரும். அப்படி அமைந்தால் எங்கள் வீட்டில்தான் பார்க்கிறோம். வருகிறவர்கள் எட்டரைக்கே வந்துவிடுங்கள், அம்மா தோசை சுடுவதாகச் சொல்லியிருக்கிறார்.