நிலம் சர்ச்சுடையது, வீடு யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் சர்ச்சுகளும் மற்ற வழிபாட்டு இடங்களும் சேர்ந்து குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு கட்டுகின்றனவாமே, பணம் எங்கிருந்து வருகிறது? மேயரையே கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்கிறார்களே, சட்டம் அதை அனுமதிக்கிறதா?

பதில்:

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நிலமும் பணமும்தான் கண்ணில் படும். ஆனால் இதில் ஜெயித்த இடங்களில் வரிசை வேறு. முதலில் ஆள் சேர்ந்தது, பிறகு சின்னச் சின்ன விஷயங்களில் வெற்றி வந்தது, வீடு அதற்கப்புறம்தான். காலியிடம் இருக்கிறதே என்று நேராக வரைபடத்தில் இறங்கும் சபைகள்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கின்றன.

நன்கு தெரிந்த உதாரணம் நியூயார்க்கின் கிழக்கு புரூக்ளின். 1970களில் பிரவுன்ஸ்வில், ஈஸ்ட் நியூயார்க் பகுதிகளில் தெருத் தெருவாக வீடுகள் எரிந்தும் கைவிடப்பட்டும் கிடந்தன. சொந்தக்காரர்கள் வரி கட்டாமல் விட்ட மனைகள் மாநகராட்சியின் கைக்கு வந்து சேர்ந்தன. 1980 வாக்கில் அங்கிருந்த கத்தோலிக்க, பாப்டிஸ்ட், லூத்தரன் சபைகள் சேர்ந்து 'ஈஸ்ட் புரூக்ளின் சர்ச்சஸ்' என்ற கூட்டமைப்பை உருவாக்கின. பயிற்சி கொடுத்தது இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் ஃபவுண்டேஷன், அதாவது சால் அலின்ஸ்கி 1940இல் சிகாகோவில் தொடங்கிய அமைப்பு. இவர்கள் எடுத்தவுடன் வீட்டைக் கேட்கவில்லை. காணாமல் போன தெருப் பெயர்ப் பலகைகளைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள், சுத்தமில்லாத மளிகைக் கடைகளைச் சரிசெய்யச் சொன்னார்கள். கேட்டால் நடக்கும் என்று ஜனங்களுக்கே நம்பிக்கை வந்த பிறகுதான் வீட்டுப் பேச்சு வந்தது.

பைபிளில் எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவின் பெயரை வைத்து 1982இல் அந்தத் திட்டம் தொடங்கியது. அதன் பணக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. சபைகள் யாருக்கும் வீட்டை இலவசமாகத் தரவில்லை. தங்கள் மேல்மட்ட அமைப்புகளிடமிருந்து வட்டியில்லாப் பணம் வாங்கி ஒரு சுழல் நிதி வைத்தார்கள். இலக்கு 1.2 கோடி டாலர். அப்போது அமெரிக்காவில் வட்டி தாறுமாறாக ஏறியிருந்தது, வீட்டுக் கடன் 1981இல் 18 சதவீதத்தைத் தொட்டது. கட்டுமானக் காலத்துக்கு வட்டியே இல்லை என்றால் விலை அங்கேயே குறைந்துவிடும். வீடு விற்றதும் பணம் நிதிக்குத் திரும்பும், அடுத்த வரிசைக்குப் போகும். மாநகராட்சி நிலத்தைக் கொடுத்தது. வீட்டுக்கு 10,000 டாலர் வீதம் வட்டியில்லாக் கடனும் கொடுத்தது, வாங்கியவர் வீட்டை விற்கும்போது திருப்பிக் கட்டினால் போதும். வாங்குபவருக்கான அடமானக் கடனை மாநில அரசு நிறுவனம் குறைந்த வட்டியில் கொடுத்தது.

கட்டும் முறையை வகுத்தவர் ஓய்வு பெற்ற கட்டுமானக்காரர் ஐ.டி. ராபின்ஸ். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு வீடு கட்டினால் சுற்றிலும் உள்ள பாழடைந்த கட்டடங்கள் அவற்றையும் விழுங்கிவிடும் என்பது அவர் வாதம். முழு பிளாக்கையும் எடு, ஒரே மாதிரி வரிசை வீடு கட்டு, ஒரே தடவையில் அஸ்திவாரம் தோண்டு என்றார். அழகில்லை, ஒரே அச்சு என்று கட்டடக் கலைஞர்கள் முகம் சுளித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டு விலையை 50,000 டாலரை ஒட்டி நிறுத்தியதும் அந்த ஒரே அச்சுதான். மொத்தத்தில் சில ஆயிரம் வீடுகள் எழும்பின. மாநகராட்சி அலுவலகங்களில் துப்புரவு வேலை பார்த்தவர்களும் மருத்துவமனை உதவியாளர்களும் சொந்த வீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. மாநகராட்சியிடம் அப்படிச் சும்மா கிடக்கும் நிலம் பெரிய ஊர்களில் அதிகம் இல்லை. அதனால் பார்வை சபைகளின் சொந்த நிலத்தின் மேல் திரும்பியிருக்கிறது, முக்கியமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிரம்பும் கார் நிறுத்துமிடத்தின் மேல். நம்மூரில் கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை நினைவுக்கு வரும். அங்கே அப்படியொரு துறை கிடையாது. ஆனால் சபை நினைத்ததைக் கட்டிவிட முடியாது, எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று ஊர் வகுத்திருக்கும் மண்டல விதி குறுக்கே நிற்கும். கலிபோர்னியா இதற்கென்றே 2023இல் எஸ்.பி. 4 என்ற சட்டம் கொண்டுவந்தது. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 2036இல் காலாவதியாகும். அந்த 2024 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ நிலம் சபையின் கையில் இருந்திருந்தால், மண்டல விதி என்னவாக இருந்தாலும், நிபந்தனைகளுக்கு உட்பட்ட திட்டத்தை உள்ளாட்சி அமைப்பு விசாரணைக் கூட்டம் எதுவும் இல்லாமல் அனுமதித்தாக வேண்டும். நிபந்தனை எளிதல்ல. வீடுகள் எல்லாம் குறைந்த வருமானக்காரர்களுக்கே, அதில் 20 சதவீதம் வரை நடுத்தர வருமானக்காரர்களுக்கும் 5 சதவீதம் வரை சபையின் ஊழியர்களுக்கும் போகலாம். வாடகை வீடென்றால் 55 வருடம், விற்கும் வீடென்றால் 45 வருடம் அந்தக் கட்டுப்பாடு நீடிக்கும். 10 வீடுகளைத் தாண்டினால் அரசு நிர்ணயித்த கூலியைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் போடும் பட்ஜெட் தப்பாகத்தான் முடியும்.

சட்டம் வந்தால் பணம் வந்துவிடாது. குறைந்த வருமான வாடகை வீட்டுக்கு முதுகெலும்பு 1986இல் வந்த மத்திய வரிச் சலுகைத் திட்டம். முதலீட்டாளர் கட்டடத்துக்குப் பணம் போட்டு, அதற்குப் பதில் பத்து வருடம் தன் வரியில் கழித்துக்கொள்வார். இந்தச் சலுகையில் இரண்டு வகை. அதிகப் பணம் தரும் 9 சதவீத வகைக்குப் போட்டி கடுமை. 4 சதவீத வகை, அரசு கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டும் கடனோடு சேர்ந்து வரும், ஆனால் செலவில் விழும் பள்ளம் நிரம்பாது. மாவட்டம், மாநிலம், நகரம் என்று நாலைந்து இடத்தில் கையேந்தித்தான் நிரப்ப வேண்டும். முதல் கூட்டத்திலிருந்து குடித்தனம் வரும்வரை ஐந்து வருடம் ஆவது சாதாரணம். இதற்குள் போதகர் மாற்றலாகிப் போய்விடுவார், புதியவருக்கு ஆர்வம் இருக்காது. மெதடிஸ்ட் சபைகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் நியமனம் பேராயர் கையில். எனவே போதகரை நம்பாமல் சபையாரில் ஐந்தாறு பேரைக் குழுவாக உட்கார வைப்பது முக்கியம்.

முதல் மாதத்திலேயே எடுத்துப் பார்க்க வேண்டியது பத்திரம். யார் பெயரில் இருக்கிறது? கத்தோலிக்கத் திருச்சபையில் பெரும்பாலும் மறைமாவட்டம். மெதடிஸ்ட் சபையில் சொத்து மொத்தத் திருச்சபைக்கான அறக்கட்டளையாகத்தான் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பிரெஸ்பிடீரியனில் மேல் மன்றத்தின் அனுமதி வேண்டும். பாப்டிஸ்டில் சபையார் ஓட்டே போதும். அடுத்து, யாராவது தானமாகக் கொடுத்த நிலமா? 'வழிபாட்டுக்கு மட்டும், தவறினால் நிலம் என் வாரிசுகளுக்குத் திரும்பும்' என்று ஒரு வரி இருந்தால் அத்தோடு வேலை நின்றுவிடும். அப்புறம் மண். பக்கத்தில் பழைய பெட்ரோல் பங்க்கோ டிரை கிளீனிங் கடையோ இருந்திருந்தால் ரசாயனம் கசிந்திருக்கும், சுத்தம் செய்யும் செலவு மொத்தத் திட்டத்தையே தின்றுவிடும்.

நிலத்தை விற்பதா, குத்தகைக்கு விடுவதா? வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் பிரெஸ்பிடீரியன் சபை நிலத்தை விற்றது. பழைய கல் கட்டடத்தை இடித்து அங்கே 173 வீடுகள் வந்தன, 2019இல் திறந்தார்கள். சபை இப்போது அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறது. துணிச்சலான முடிவு. ஆனால் பொதுவாக நீண்ட காலக் குத்தகைதான் என் தேர்வு. மண் சபையுடையதாகவே இருக்கும், 55 வருடக் கட்டுப்பாடு முடியும்போது அடுத்து என்ன என்று சபை தீர்மானிக்கலாம்.

அதிகம் மனம் நோகும் இடம் ஒன்று உண்டு. அரசுப் பணம் வாங்கிக் கட்டும் வீட்டில் சபையாருக்கு முன்னுரிமை கொடுக்க முடியாது, மத அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை மத்திய வீட்டுரிமைச் சட்டம் தடுக்கிறது. முப்பது வருடம் காணிக்கை போட்ட மூதாட்டியும் எல்லோரோடும் சேர்ந்து விண்ணப்பித்துக் குலுக்கலில் காத்திருக்க வேண்டியதுதான். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். கட்டடம் முடிந்த பிறகு சொன்னால் சபை உடையும்.

இனி அரசியல் பகுதி. 1954இல் வந்த விதி, வரிவிலக்குப் பெற்ற சபை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ தடை செய்கிறது. ஆனால் ஒரு கொள்கையை வற்புறுத்தலாம், ஒரு மசோதாவுக்காகச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கலாம், அது சபையின் மொத்த வேலையில் பெரும் பங்காக ஆகாதவரை. கட்சி சாராமல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். மேயர் கூட்டம் இந்த எல்லைக்குள்தான் நடக்கிறது. தேர்தல் நேரமென்றால் முக்கிய வேட்பாளர்கள் எல்லோரையும் அழைக்க வேண்டும், எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே நேரம்.

அந்தக் கூட்டத்தின் உழைப்பு மேடைக்கு வெளியே நடக்கிறது. பல மாதங்களுக்கு முன்பே ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசுவார்கள். படிவம் கிடையாது, எது உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்பதுதான் பேச்சு. பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் வீட்டுக் கூட்டம். பொதுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு சபையும் எத்தனை பேரைக் கூட்டி வரும் என்று எண்ணிக்கை எழுதி வாங்குவார்கள். மேயருக்கு மூன்று நிமிடம். கேள்வி 'வீட்டு வசதிக்கு ஆதரவு தருவீர்களா' என்று இருக்காது, அதற்கு யார் இல்லை என்பார்? 'இந்த மனையை இந்தத் தேதிக்குள் ஒதுக்குவீர்களா, ஆமா இல்லையா' என்று இருக்கும். கூட்டம் முடிந்ததும் நாற்காலியை மடக்குவதற்கு முன் தலைவர்கள் உட்கார்ந்து யார் சொன்ன எண்ணிக்கையைக் கொண்டு வரவில்லை என்று பேசுவார்கள். சபைகள் சந்தா கட்டி இந்த ஆள் திரட்டும் வேலையை நடத்துகின்றன. அதற்கு அரசுப் பணம் வாங்கினால் மேயரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

கடைசியாக ஒப்பந்தம். வரிச் சலுகைத் திட்டத்தில் 15ஆம் வருடம் முதலீட்டாளர் வெளியேறும் கட்டம் வரும். பாக்கிக் கடனையும் விற்பனையால் வரும் வரியையும் கட்டிக் கட்டடத்தைத் தானே வாங்கும் முன்னுரிமையை லாப நோக்கமில்லாத அமைப்புக்குக் கொடுக்க மத்திய வரிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது தானாக வராது, முதல் நாள் கையெழுத்தில் இருந்தால்தான் உண்டு. 'கொடுக்கலாம்' என்று மழுப்பலாக எழுதிய ஒப்பந்தங்கள் பல நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. கட்டுமானத்தை நடத்தும் டெவலப்பரின் வழக்கறிஞர் எழுதிய வரைவைச் சபை தனக்கென்று தனி வழக்கறிஞர் வைத்துப் படிக்க வேண்டும், சபையார் யாராவது வழக்கறிஞர் என்பதற்காக இலவசமாக அவரிடம் கொடுத்துவிடக் கூடாது.